லைட்டு எரிஞ்சா கேம் ஓடுமா?

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி எழுதியது



கம்ப்யூட்டரில் கேம் விளையாடுவது நல்லதா கெட்டதா என்று போன மாதம் இதே சுவரில் ரெண்டு பேர் எழுதியிருந்தார்கள. ரெண்டும் நல்லாத்தான் இருந்தது. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. விளையாடலாம் என்று ஒரு வீட்டில் முடிவாகிவிட்டது, கொஞ்சம் காசும் சேர்ந்துவிட்டது, இனி கடைக்குப் போகணும். அங்கே போய் என்ன கேட்பது, எதை வாங்குவது? அதைப் பற்றி யாருமே எழுதலை. அதனால் நான் எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசு கம்மியாக இருக்கிறவர்கள் 'கேமிங் பிசி' என்று கடையில் ரெடியாகப் பூட்டி வைத்திருப்பதை வாங்கவே கூடாது. ஒவ்வொரு பார்ட்டுக்கும் பெயர் கேட்டு, நம்பர் கேட்டு, பேப்பரில் எழுதிக்கொண்டு போய் வாங்கணும். நிறைய காசு இருக்கிறவங்க ஏமாந்தால் அடுத்த வருஷம் வேற வாங்கிக்குவாங்க. நமக்கு ஒரு தடவைதான்.

இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். என் பெரியப்பா மகன் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கிறார். முழுப்பரீட்சை லீவு பூரா நான் அங்கேதான் இருந்தேன். ஸ்க்ரூ கீழே விழாமல் பிடிப்பது, தூசி ஊதுவது, பிராசஸர் மேல் காய்ந்து போன பேஸ்ட்டைத் துடைப்பது எல்லாம் என் வேலை. "பொம்பளப் பிள்ளைக்கு ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு?" என்று ஒரு தாத்தா கேட்டார். அண்ணன், "உங்க பேரன் கம்ப்யூட்டரை அவதான் தாத்தா கழட்டி மாட்டினா, ஓடுதா பாருங்க" என்றார். ஓடியது. தாத்தா ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா மகளிர் குழுவில் கடன் எடுத்து மகனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். காலேஜ் படிப்புக்கும் ஆச்சு, கேமுக்கும் ஆச்சு என்று அந்த அண்ணன் கேட்டு வாங்கியது. ஒரு பக்கம் கண்ணாடி வைத்த கேபினட், கலர் கலராகச் சுத்துகிற ஃபேன் மூணு, மேலே 'ஐ7, 16 ஜிபி, கிராஃபிக்ஸ் 4 ஜிபி' என்று ஸ்டிக்கர். நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்தோம். ராத்திரி டியூப் லைட்டை அணைத்துவிட்டு அதைப் போட்டால் வீடே அம்மன் கோவில் கொடை மாதிரி இருக்கும். எட்டாவது மாசம் ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய்விட்டு வந்தது. டப்பென்று ஒரு சத்தம், அப்புறம் கருகின வாடை. எஸ்எம்பிஎஸ் தான் போனதோடு நிற்காமல் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வாங்கின இடத்தில் பில் கொடுக்கவில்லை. துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் வாரன்டி என்று வாயைத் திறக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் இப்போது பரண் மேல் இருக்கிறது. குழுக்கடன் தவணை மட்டும் இன்னும் ஓடுது.

அதைப் பெரியப்பா மகன் கழட்டும்போது நானும் பக்கத்தில் இருந்தேன். ஸ்டிக்கரில் போட்டிருந்த எதுவும் பொய் இல்லை. அதுதான் எனக்கு ரொம்பக் கோபம். பொய் சொல்லாமலே ஏமாற்றியிருக்கிறார்கள்.

முதலில் அந்த ஐ7. உள்ளே இருந்தது ஐ7-2600. அது 2011 ஜனவரியில் வந்த பிராசஸர். என்னைவிட வயசில் மூத்தது! ஐ-க்குப் பக்கத்தில் வருகிற 3, 5, 7 என்பது ஒரே வீட்டில் அண்ணன் தம்பி வரிசை மாதிரி. அந்த வீடு எந்தக் காலத்து வீடு என்பது கோடு போட்டு அடுத்து வருகிற நம்பரில் இருக்கும். 2600 என்றால் ரெண்டாம் தலைமுறை. 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. 2022 ஜனவரியில் ஐ3-12100எஃப் என்று ஒன்று வந்தது. அதிலும் நாலு கோர், எட்டு த்ரெட். ஐ7-2600-லும் நாலு கோர், எட்டு த்ரெட். எண்ணிக்கை ரெண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் நடுவில் பதினோரு வருஷம் இருக்கு. ஒரு கோர் ஒரு நொடியில் முடிக்கிற வேலை அதுக்குள் எவ்வளவோ கூடிப்போச்சு. பந்தயம் விட்டால் ஐ3 தம்பிதான் ஜெயிப்பான். கடைக்காரர் 'ஐ7' என்று சொன்னதும் நாம் வாயைப் பிளக்கிறோம், அடுத்த நம்பரைக் கேட்பதே இல்லை. (2023 கடைசியிலிருந்து இன்டெல் தன் புது பிராசஸர்களுக்குக் 'கோர் அல்ட்ரா' என்று பெயர் வைக்க ஆரம்பித்துவிட்டது. இனிமேல் அந்தக் குழப்பம் வேற.)

இன்னொன்றும் இருக்கிறது. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும் என்றால் இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது இருக்கணும். ரெண்டாம் தலைமுறைக்கு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். குறுக்கு வழியில் ஏற்றலாம் என்பார்கள். வேலரண்ட் மாதிரி கேம் அங்கேயும் பிடித்துக்கொள்ளும். விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இருந்தால்தான் அது திறக்கும்.

அடுத்தது 'கிராஃபிக்ஸ் 4 ஜிபி'. உள்ளே இருந்த கார்டு ஜிடி 730. 2014-ல் வந்தது. 4 ஜிபி இருந்தது உண்மைதான். ஆனால் ஜிபி என்பது கார்டில் எவ்வளவு மெமரி இருக்கு என்கிற கணக்கு. கார்டு எவ்வளவு வேகம் என்பது அதில் தெரியாது. தண்ணித் தொட்டியைப் பெரிசாகக் கட்டிவிட்டால் மாடு அதிகமாகப் பால் கறக்குமா?

கார்டுக்கு என்ன வேலை என்று தெரிந்தால்தான் எவ்வளவு காசு போடலாம் என்று தெரியும். ஃபுல் எச்டி மானிட்டரில் குறுக்கே 1920 புள்ளி, மேலிருந்து கீழே 1080 புள்ளி. பெருக்கினால் 20,73,600. நொடிக்கு 60 தடவை படம் மாறினால்தான் கேம் வழுக்கிக்கொண்டு போகும். அதையும் பெருக்குங்கள். நொடிக்கு 12 கோடியே 44 லட்சத்துச் சொச்சம் புள்ளிகளுக்குக் கலர் கண்டுபிடித்துப் போடணும். எங்கள் கணக்கு டீச்சரிடம் காட்டினேன், விடை சரிதான் என்று சொன்னார்கள். இவ்வளவையும் செய்வது கார்டுதான். அதனால் கேமுக்கென்று வாங்குகிற கம்ப்யூட்டரில் கார்டுதான் குடும்பத்தலைவி. முதல் காசு அதுக்குத்தான் போகணும்.

இந்தக் கணக்கில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. நிறைய வீட்டில் இருக்கிற 32 இஞ்ச் எச்டி எல்இடி டிவியில் பெரும்பாலும் 1366-க்கு 768 புள்ளிதான். பெருக்கினால் 10,49,088. ஃபுல் எச்டியில் கிட்டத்தட்ட சரிபாதி. அப்படி ஒரு டிவி வீட்டில் இருந்தால் இப்போதைக்கு மானிட்டரே வாங்க வேண்டாம். எச்டிஎம்ஐ வயரைச் சொருகி, டிவி செட்டிங்கில் 'கேம் மோடு' இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் மவுஸை நகர்த்திக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் படம் நகரும். மானிட்டர் காசும் மிச்சம், கார்டுக்கும் பாதி வேலை மிச்சம். சீரியல் நேரத்தில் டிவி கிடைக்காது. அதுக்கு என்னிடம் வழி இல்லை.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் எனக்கும் பையன்களுக்கும் சண்டை. என்ன கேம் விளையாடப் போகிறாய் என்று கேட்டால் மைன்கிராஃப்ட், வேலரண்ட், ஜிடிஏ 5 என்று இந்த மூணு பேரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். (ஜிடிஏ பதினெட்டு வயசு ஆனவங்களுக்கு என்று அதிலேயே போட்டிருக்கு. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.) ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வந்தது 2015-ல். நல்லா ஓட ஜிடிஎக்ஸ் 660, 2 ஜிபி கார்டு போதும் என்று அப்போது கம்பெனியே சொன்னது. மைன்கிராஃப்ட் முழுசாக வெளிவந்தது 2011-ல். வேலரண்ட் 2020-ல் வந்தது என்றாலும் ரொம்பக் கம்மியான கம்ப்யூட்டரில் ஓடுகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள், அது கார்டைவிட பிராசஸரைத்தான் அதிகமாக வேலை வாங்கும். இந்த மூணுக்கும் பெரிய கார்டு தேவையே இல்லை. யூடியூப்பில் ஒருத்தர் ரெண்டு லட்சத்துக்குப் பூட்டினதைப் பார்த்துவிட்டு இங்கே வந்து ஏங்குகிறார்கள்.

கையில் ரொம்பக் கம்மியாக இருந்தால் என் ஓட்டு ரைசன் 5 5600ஜி-க்கு. ஏஎம்டி கம்பெனி 2021 ஆகஸ்டில் கடைக்கு விட்டது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் இருக்கிறது. தனிக் கார்டு இல்லாமலே மேலே சொன்ன மூணு கேமும், செட்டிங்கைக் குறைத்து வைத்தால், விளையாடலாம். கார்டு காசு சேரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இதில் ஒரு நிபந்தனை. ரேமை ரெண்டு துண்டாக வாங்கணும். 16 ஜிபி என்றால் 8-ம் 8-ம். ஏன் என்றால், உள்ளே இருக்கிற கிராஃபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது, ரேமில்தான் வாங்கிச் சாப்பிடும். டிடிஆர்4-3200 ரேம் ஒரு துண்டு போட்டால் நொடிக்கு 25.6 ஜிபி வரைக்கும் போகும் வரும். ரெண்டு துண்டை அதுக்குரிய ஸ்லாட்டில் போட்டால் 51.2 ஜிபி. ரெட்டை மாட்டு வண்டியில் ஒத்தை மாட்டைக் கட்டி ஓட்டின மாதிரிதான் பல பேர் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். "ஜி பிராசஸர் சுத்த வேஸ்ட்டு, படம் நின்னு நின்னு போகுது" என்று ஒருத்தர் கடைக்குக் கொண்டுவந்தார். திறந்து பார்த்தால் ஒரே துண்டு. அதே அளவில் இன்னொரு துண்டு போட்டுக் கொடுத்தோம். அடுத்த வாரம் வரும்போது வேஸ்ட்டு என்ற வார்த்தையைக் காணோம்.

கொஞ்சம் அதிகமாகக் காசு இருந்து, கார்டையும் இப்போதே வாங்கப் போகிறீர்கள் என்றால் ஜி வேண்டாம். 2022-ல் வந்த ரைசன் 5 5600 வாங்கலாம். ரெண்டிலும் ஆறு கோர்தான், ஆனால் ஜி-யில் கேஷ் மெமரி 16 எம்பி, இதில் 32 எம்பி. கேமுக்கு அது நல்லாத் தெரியும். அதுவும் முடியாவிட்டால் முன்னே சொன்ன ஐ3-12100எஃப். 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு போடாமல் திரையில் ஒன்றுமே வராது. இதைத் தெரியாமல் எஃப் வாங்கிவிட்டு மானிட்டர் கெட்டுப் போச்சு என்று நினைக்கிறவர்கள் உண்டு.

கார்டில் என் கண் ஆர்எக்ஸ் 6600 மேல்தான். 2021 அக்டோபரில் வந்தது. 8 ஜிபி, 132 வாட். அதன் சொந்த மெமரி நொடிக்கு 224 ஜிபி வேகம். மேலே சொன்ன 51.2-ஐப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தனிக் கார்டு என்று ஏன் ஒன்று இருக்கிறது என்று புரியும். அதோடு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று ஒன்றையும் காட்டுவார்கள். விலை குறைவு, பெயரும் பக்கத்துப் பெயர். 2022 ஜனவரியில் வந்தது. அதில் 4 ஜிபிதான். மதர்போர்டோடு பேசுகிற பாதையும் நாலே நாலு. பிசிஐஇ 3 என்கிற பழைய வகை போர்டில் அதைப் போட்டால் அந்த நாலு பாதையும் பாதி வேகத்தில்தான் ஓடும். அஞ்சு எச்பி மோட்டாருக்கு முக்கால் இஞ்ச் பைப் போட்ட கதை. பழைய போர்டு வைத்திருக்கிறவர்கள்தான் விலை பார்த்து அதை வாங்குகிறார்கள், அவர்களுக்குத்தான் அது சுத்தமாக ஆகாது.

கம்பெனி ஆபீஸ்களில் ஓடின பழைய கம்ப்யூட்டர் டவுனில் நிறைய வருகிறது. அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம். எட்டாம் தலைமுறை ஐ5-8500 கிடைத்தால் ஆறு கோர், விண்டோஸ் 11-ம் ஏறும். ஆனால் அதில் இருக்கிற எஸ்எம்பிஎஸ் சின்னது, கார்டுக்கென்று தனி வயர் பெரும்பாலும் இருக்காது. அதுக்கு மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்கிற கார்டு வேணும். ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். 2019-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1650-ல் தனி வயர் கேட்காத மாடல்கள் உண்டு. 2024-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-ல் 6 ஜிபி வகை 70 வாட்தான். போவதற்கு முன்னால் கேபினட்டின் அகலத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒல்லி கேபினட்டில் குட்டைக் கார்டுதான் நுழையும்.

மதர்போர்டைப் பற்றி ஒன்றே ஒன்று. பிராசஸருக்கு ஏத்த சாக்கெட்டா என்று பாருங்கள். ஏஎம்4 சாக்கெட்டில் 2017-ல் போர்டு வாங்கினவர்கள் பல பேர், பயாஸை மட்டும் புதுப்பித்து, 2022-ல் வந்த பிராசஸரை அதிலேயே மாட்டினார்கள். அஞ்சு வருஷம் போர்டு மாற்றாமல்! நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரி கம்பெனிதான் வேணும்.

இப்போது எஸ்எம்பிஎஸ். இதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். ஃபேன் சுத்துகிற ஒரு தகரப் பெட்டி, அதைப் பார்த்து யார் ஆசைப்படுவார்கள்? ஆனால் எங்கள் தெரு வீட்டுக் கம்ப்யூட்டரைக் கொன்றது அதுதான். சுவரில் வருகிற 230 வோல்ட்டை 12, 5, 3.3 என்று குறைத்து எல்லாப் பார்ட்டுக்கும் சோறு ஊட்டுவது அதன் வேலை. பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் வயரில். பெட்டியில் '500 வாட்' என்று பெரிசாகப் போட்டிருப்பார்கள். அதைப் பார்க்காதீர்கள். பக்கவாட்டில் சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட். பத்தாம் வகுப்பு அக்காக்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அந்தக் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்-ல் 500 வாட் என்று போட்டிருந்தது. கட்டத்தில் 12 வோல்ட், 16 ஆம்பியர். பெருக்கிப் பார்த்தேன். 192 வாட்! மீதி 300 வாட் எங்கே போனது என்று ஸ்டிக்கர் அடித்தவரைத்தான் கேட்கணும். நல்ல கம்பெனியின் 450 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதில் 12 வோல்ட்டில் மட்டும் 37 ஆம்பியருக்குப் பக்கம், அதாவது 444 வாட். 450 என்று எழுதினதுக்கு நியாயம் இருக்கு. கையில் தூக்கினாலே வித்தியாசம் தெரிந்தது, மற்றது காலி டப்பா மாதிரி இருந்தது.

நமக்கு எவ்வளவு வேணும்? ஆர்எக்ஸ் 6600-க்கு 132. ரைசன் 5600-க்கு 65 என்று போட்டிருப்பார்கள், சில நேரம் கொஞ்சம் மேலே போகும். மீதி எல்லாத்துக்கும் ஒரு 50. தாராளமாகப் போட்டாலும் 250-ஐ ஒட்டித்தான் வருகிறது. உண்மையான 450 வாட் இருந்தால் பயமில்லை. 80 பிளஸ் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2004-ல் ஆரம்பித்த திட்டம் அது. சுவரில் 100 வாட் இழுத்தால் குறைந்தது 80 வாட்டாவது பார்ட்டுகளுக்குப் போய்ச் சேரணும், வெறும் சூடாக வீணாகக் கூடாது என்று அர்த்தம். ஊர்ப்பக்கம் இருக்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்கணும். '100-240 வோல்ட்' என்று போட்டிருந்தால் நல்லது, ராத்திரி வோல்டேஜ் இறங்கினாலும் தாக்குப்பிடிக்கும். பின்னால் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்திருந்தால் அது பழைய டிசைன், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதோடு வீட்டில் எர்த் சரியாக இருக்கா என்று எலக்ட்ரீஷியன் மாமாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லணும். முடிந்தால் ஒரு 600 விஏ யூபிஎஸ். கரண்ட் போனால் அதை வைத்து விளையாடிக்கொண்டே இருக்க முடியாது, சேவ் செய்து அணைக்க நேரம் கிடைக்கும், அது போதும்.

எனவேதான் தலைப்பில் அப்படிக் கேட்டேன். கண்ணாடிக் கேபினட்டுக்கும் கலர் ஃபேனுக்கும் போகிற கூடுதல் காசை அப்படியே எடுத்து எஸ்எம்பிஎஸ்-ல் போட்டிருந்தால் அந்த வீட்டுக் கம்ப்யூட்டர் பரணுக்குப் போயிருக்காது என்று நான் நினைக்கிறேன். லைட் அழகுதான், எனக்கும் பிடிக்கும். தீபாவளிக்கு வாங்குகிற சீரியல் பல்பை மேஜையைச் சுற்றிக் கட்டிக்கொண்டால் ஆச்சு.

கையில் இருப்பதை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டு நான் ஒரு பங்கு போட்டு வைத்திருக்கிறேன். கார்டுக்கு 40. பிராசஸருக்கு 18, போர்டுக்கு 12. ரேமுக்கு 10. எஸ்எஸ்டிக்கு 8, எஸ்எம்பிஎஸ்சுக்கு 8, கேபினட்டுக்கு 4. பத்தாவிட்டால் எங்கே குறைப்பது? முதலில் பிராசஸரில் ஒரு படி இறங்கலாம். அப்புறம் எஸ்எஸ்டியை 500 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் பத்து கேமா விளையாடப் போகிறோம்? கேபினட்டைப் பழசாக எடுக்கலாம், தகரம் கெட்டா போகும். எஸ்எம்பிஎஸ்-ன் 8 ரூபாயில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

ஆனால் இந்தப் பங்கில் ரேமுக்குப் போட்ட 10 ரூபாய் 2025 கடைசியில் உடைந்து போச்சு. ஏஐ-க்காக உலகம் பூரா பெரிய பெரிய டேட்டா சென்டர் கட்டுகிறார்கள், மெமரி சிப் எல்லாம் அங்கே போக ஆரம்பித்துவிட்டது. ரேம் விலை தாறுமாறாக ஏறியது. மைக்ரான் என்கிற பெரிய கம்பெனி, நம்மைப் போன்றவர்கள் கடையில் வாங்குகிற தன் 'க்ரூஷியல்' ரேம் வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. அமெரிக்காவில் யாரோ கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு எங்கள் ஊரில் ஒரு அக்கா கூடக் காசு கொடுக்கணும். இது எனக்குக் கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

அதனால் ரேமை மட்டும் பழசாக வாங்குவதில் தப்பில்லை என்று சொல்வேன். அதில் ஓடுகிற, தேய்கிற பாகம் எதுவும் இல்லை. மெம்டெஸ்ட் என்று ஒரு சோதனை இருக்கிறது, ராத்திரி போட்டுவிட்டுக் காலையில் பார்த்தால் நல்லதா கெட்டதா என்று சொல்லிவிடும். டிடிஆர்4-ஆ என்று பார்த்து வாங்குங்கள், டிடிஆர்3 அந்த ஸ்லாட்டில் நுழையாது. பிராசஸரும் பழசு வாங்கலாம், கால் வளையாமல் இருந்தால் சரி. எஸ்எம்பிஎஸ், ஹார்டு டிஸ்க் ரெண்டையும் பழசில் தொடாதீர்கள். கார்டு? அது நடுவில். 2021-ல் ஈதரியம் என்கிற டிஜிட்டல் காசைத் தோண்ட உலகம் பூரா கார்டை வாங்கி ராத்திரி பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பர் 15-ல் ஈதரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டதும் கார்டு வைத்துத் தோண்டுவது நின்றது. அந்தக் கார்டுகள் எல்லாம் விற்பனைக்கு வந்தன. ஓடின கார்டு எல்லாம் கெட்ட கார்டு என்று சொல்லமாட்டேன். ஆனால் கண் முன்னால் அரைமணி நேரம் ஒரு கேமை ஓட்டிக் காட்டச் சொல்லணும். பழைய கார்டின் உள் மென்பொருளை மாற்றி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பொய்ப் பெயர் காட்டுகிற கார்டுகளும் உண்டு. ஜிபியு-இசட் என்கிற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் பல போலிகளை 'ஃபேக்' என்று அதுவே காட்டிக்கொடுக்கும்.

பில் விஷயத்துக்கு வருகிறேன். "பில் வேண்டாம்னா குறைச்சுத் தரேன்" என்பார்கள். கம்ப்யூட்டர் பார்ட்டுகளுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில்லோடு 40,000 ரூபாய் என்றால் அதில் வரி 6,100 ரூபாய்ச் சொச்சம். பெரிய தொகைதான், ஆசை வரும். ஆனால் பார்ட்டுகளுக்கு மூணு வருஷம், அஞ்சு வருஷம் என்று கம்பெனி கொடுக்கிற வாரன்டியை அந்த 6,100-க்கு விற்றுவிட்டு வருகிறோம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போய் வாங்கினாலும் இதே கதைதான், பில் கேட்டு வாங்கினால்தான் நம்ம பொருள். கேபினட்டுக்கு மட்டும் தனியாகத் துண்டுச் சீட்டு கொடுத்தால் தொலையட்டும்.

வீட்டில் அம்மாக்கள் கேட்பது கரண்ட் பில். நியாயமான கேள்வி. 250 வாட்டில் தினம் ரெண்டு மணி நேரம் என்றால் அரை யூனிட். ரெண்டு மாசக் கணக்குக்கு 30 யூனிட். வீட்டுக்கு முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் என்றாலும், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், மோட்டார் எல்லாம் ஓடுகிற வீட்டில் இந்த 30 மேலேதான் ஏறும். அதை முதலிலேயே சொல்லிவிடணும். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினால் "ரெண்டு மணி நேரம்தானே, பார்த்துக்கலாம்" என்பார்கள். நான் காட்டினேன். ரெண்டு மணி நேரம் என்பதை அடித்துவிட்டு ஒரு மணி நேரம் என்று எழுதினார்கள். அந்த ஒரு மணி நேரத்திலும் தம்பிக்குப் பாதி, எனக்குப் பாதி என்று எழுதி வாங்கிக்கொண்டேன். எங்கள் வீட்டில் இன்னும் கம்ப்யூட்டர் வரவில்லை, தாள் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

கடைசியாக, கடையில் பூட்டி முடித்ததும் கிளம்பிவிடாதீர்கள். ஓட விட்டு, டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிராசஸர் பெயர், ரேம் அளவு, எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, கார்டு பெயர் எல்லாம் நாம் எழுதிக்கொண்டு போன தாளோடு ஒத்து வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள். வாரன்டிக்கு வேண்டிய சீரியல் நம்பர் அதில்தான் ஒட்டியிருக்கும். வாங்கி வந்தபின் பரண் மேல் ஏற்றி வையுங்கள், அடுப்புப் பற்ற வைக்க யாராவது எடுத்துவிடப் போகிறார்கள்.